கப்பலில் வந்தவரும் படகில் வந்தவரும்

அத்தியாயம் 9

1984-ல் ராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் நின்றுபோனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு மூட்டை கட்டிக் காத்திருந்த இலங்கை மலையகத்து மக்கள் அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். கப்பல் ஓடிய காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்கு மறுவாழ்வுக் கடன் கிடைத்தது. அவர்களுக்காகவே நீலகிரியில் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. எவ்வளவு உதவி வாங்கினாலும் அவர்கள் குடிமக்கள்தான். மலையகத்தில் அவர்களோடு அதே லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவர், 1983 கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்தார். அவருக்குக் கிடைத்தது முகாம்.

காட்டேரிக்குப்பத்திலிருந்து கிழக்கே போய்க் காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டில் அப்படி ஒரு முகாம் இருக்கிறது. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொடுங்கள் என்று நம் புதுச்சேரிப் பெரியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். முகாம்வாசியிடம் எந்த நாடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

முகாமில் 'செக்கிங்' நாளன்று ஆட்கள் நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் பணக்கொடை நின்றுபோகும். 2021-ல் உயர்த்திய பிறகு அது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அரசுக்குப் பாரமாகிவிடுவார் என்று தோன்றுபவரைத் திருப்பியனுப்ப அமெரிக்காவில் 1882 முதலே சட்டம் உண்டு. நம் குடியுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் உதவிக்காகப் பெயர் எழுதிய பதிவேடே, 'இவர் அகதி' என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வகைப்படுத்திய 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், அவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியையும் அடைத்தது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கு அந்தப் பதிவேட்டைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அதை அவர்களுக்கு எதிராகப் படிப்பது அநியாயம்.

2019 ஜூன் 17. இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய மனுக்களை ஆட்சியர் வழியாகப் பெற்று மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்றார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். முகாம்களில் நம்பிக்கை துளிர்த்தது. அந்த டிசம்பரிலேயே வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை.

இதற்கிடையே, பழைய சட்டத்துக்குள் ஒரு தேதி கிடந்தது: 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளாக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் கேட்டார். கிடையாது என்றார்கள். அவர் மதுரைக் கிளையின் படியேறினார். அங்கே காத்திருந்தவர் அதே நீதிபதி…

(தொடரும்)