உட்செவி சொன்ன உண்மை

பிறவியிலேயே செவிப்புலனற்று, 8 வயதில் இறந்த சிறுவன் ஒருவனின் உட்செவியை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் கார்லோ மொண்டினி, தாம் கண்டதை 1791 இல் பொலோனியாவில் அறிவித்தார். நத்தையோடு போன்ற கொக்லியா வழமையாக இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும். அவனுக்கு ஒன்றரைச் சுற்றே இருந்தது. கருவிலேயே வளர்ச்சி தடைப்பட்டிருந்தது.

கொழும்பை அண்டிய இரத்மலானையிலுள்ள செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையை மேரி சப்மன் அம்மையார் 1912 இல் தொடங்கியபோதும், வாழும் பிள்ளையின் உட்செவியைக் காண வழியிருக்கவில்லை. காரணம் தெரியாதபோது பழி தாயின் மீதும் முன்வினை மீதும் விழுந்தது. 1970களில் வந்த சி.ரி. ஸ்கான் இதற்குப் பெரிதும் உதவியது.

எனினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்கே இவ்வமைப்புக் குறை ஸ்கானில் தெரிகிறது. ஏனையோரின் குறை பெரும்பாலும் நுண்கலங்களில் உள்ளது. ஸ்கான் சீராக இருக்கிறதென்று பெற்றோர் காத்திருக்கலாகாது.