மோர்வென்ஸ்டோ

இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்தில் வடகோடியிலுள்ள சிற்றூர்; ஆங்கிலிக்கத் திருச்சபையின் சேகரமும் ஆகும். அட்லாண்டிக் கடலோரச் செங்குத்துப் பாறைகளின் மேல் பண்ணை வீடுகளும் குக்கிராமங்களும் சிதறிக் கிடக்கின்றன. புனித மோர்வென்னா, யோவான் ஸ்நானகன் பெயரிலமைந்த ஆலயத்தில் நார்மன் காலத்து வளைவுகளையும் பழைய மர இருக்கைகளின் செதுக்கு வேலைப்பாட்டையும் இன்றும் காணலாம்.

விக்டோரியா காலத்தில் இவ்வூர் பேர் பெற்றது ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கரால். நூறாண்டுக்கு மேலாக உள்ளூரில் தங்கிய குருவே இல்லாத சேகரத்துக்கு 1835இல் பொறுப்பேற்ற இவர், 1875இல் இறக்கும்வரை பணியாற்றினார். ஆண்டு வருமானம் 365 பவுன். தாம் கட்டிய குருமனையின் புகைபோக்கிகளைத் தமக்குத் தொடர்புள்ள ஆலயக் கோபுரங்களின் சாயலில் அமைத்தார்; சமையலறைப் புகைபோக்கிக்கு மாதிரி அவருடைய தாயாரின் கல்லறை. கருப்பு அங்கியை விட்டுச் சிவப்புக் கோட்டும் மீனவர் அணியும் நீலப் பின்னலாடையும் முழங்கால் பூட்ஸுமாகத் திரிந்தார். பூனையைச் சபைநீக்கம் செய்தார் என்பது போன்ற கதைகள், அவர் இறந்த மறு ஆண்டே எழுத்தாளர் பேரிங்-கூல்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவின. சுவையான நூல், சான்றாகக் கொள்ளத்தக்கதன்று.

இக்கரையோரத்தார் பொய்விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டார்கள் என்பதும் அத்தகைய கதையே. கரை ஒதுங்கிய சரக்கை அள்ளியது மட்டும் உண்மை. மூழ்கிய மாலுமிகளின் உடல்களைக் கடற்கரையிலேயே புதைத்துவிடும் பழைய வழக்கத்தை ஹாக்கர் ஏற்கவில்லை. அழுகிய உடல்களையும் ஆள்விட்டுப் பாறை மேல் தூக்கிவரச் செய்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார். 1842 செப்டம்பரில் ஆர்ப்ரோத் துறைமுகத்தைச் சேர்ந்த ‘கலிடோனியா’ உடைந்தபோது பிழைத்தவர் ஒருவரே. கப்பலின் முகப்பிலிருந்த பெண் சிற்பம் கப்பல் தலைவரின் கல்லறைக்கு அடையாளமாக நடப்பட்டது. வாளும் கேடயமும் ஏந்திய அம்மரச்சிற்பம் இப்போது ஆலயத்தினுள் உள்ளது. வெளியே நிற்பது நகல்.

அறுப்பின் பண்டிகையின் இன்றைய வடிவம் இங்குதான் தோன்றியது. 1843 அக்டோபரில் புதுத் தானியத்தில் சுட்ட அப்பத்தைக் கொண்டு திருவிருந்து நடத்த ஹாக்கர் சேகரத்தாரை அழைத்தார். அவ்வழக்கம் பிற சேகரங்களுக்கும் பரவியது.

சேகரத்தின் பொறுப்பிலிருந்த ஏழைகள் பராமரிப்பு, 1834ஆம் ஆண்டு ஏழைகள் உதவிச் சட்டத்துக்குப்பின், பல சேகரங்கள் சேர்ந்த ஸ்ட்ராட்டன் ஒன்றியத்திடம் போயிற்று. ஹாக்கர் மரணப்படுக்கையில் கத்தோலிக்கரானது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. கடைசி நேரத்து மனமாற்றம் என்பதைவிட நெடுநாள் சாய்வின் முடிவு என்பதே பொருந்தும்.

உடைந்த கப்பல் மரங்களால் அவர் பாறைச்சரிவில் கட்டிய குடில், இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை பராமரிக்கும் சொத்துகளில் மிகச் சிறியது. சேகர எல்லைக்குள், முன்னாள் விமானப்படைத் தளத்தில், பிரிட்டிஷ் உளவுத்துறையின் செயற்கைக்கோள் ஒட்டுக்கேட்பு நிலையம் இயங்குகிறது.