வட்டுக்கோட்டையிற் கிடைத்த இலவசக் கல்வி

1841ஆம் ஆண்டு சனவரி மாதம் 7ஆம் நாள், மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்திலிருந்து ஒரு பத்திரிகை வெளிப்போந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கி, மாதம் இருமுறை வெளிவரத் தொடங்கிய அப்பத்திரிகையின் பெயர் உதயதாரகை. அதன் முதலாசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் இருவர். பெயரைக் கேட்ட மாத்திரத்தே இவ்விருவரையும் கடல் கடந்து வந்த வெள்ளையர் எனக் கருதுவாருளர். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழரே. தமிழருக்கு இப்பெயர்கள் வாய்த்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், இலவசக் கல்வியின் கதையும், நம் நாட்டுப் பத்திரிகைத் தொழிலின் கதையும் ஒருங்கே விரிகின்றன.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் பணியைத் தொடங்கினர். ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தபின், அவற்றிற்கு மேலானதோர் உயர்தரக் கலாசாலையை 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவினர். முதல் அதிபர் டானியல் பூர். அதனைக் கல்லூரி என்று அழைத்தற்கும் பட்டம் வழங்குதற்கும் அவர்கள் விரும்பினர்; அரசாங்கம் இசையவில்லை. ஆகவே அது செமினறி என்னும் பெயரோடே நின்றது. பிற்காலத்தில் இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் இதனைப் பார்வையிட்டு, ஐரோப்பியச் சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பவைத்துப் பாராட்டினார். கல்லூரி என்னும் பெயர் மறுக்கப்பட்ட ஒரு தாபனத்துக்கு இப்புகழ்ச்சி சிறிதன்று.

அங்கே பிள்ளைகளிடம் தொடக்கத்திற் சம்பளம் வாங்கப்படவில்லை. உண்டியும் உடையும் உறையுளும் இலவசம், புத்தகமும் இலவசம். அதற்கான செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் ஏற்றனர். ஒரு பிள்ளைக்குரிய பணத்தை அனுப்பும் உபகாரி தமது பெயரையோ, தாம் மதித்த ஒருவரின் பெயரையோ அப்பிள்ளைக்கு இடுமாறு கேட்பது வழக்கமாயிருந்தது. இவ்வாறே சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். இலவசமாய்க் கிடைத்த கல்விக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளை கொடுத்த முதல் விலை, தாய் தந்தையர் இட்ட பெயராகும். இதனை மறைத்தலும் தகாது; இது ஒன்றையே கண்டு, பெற்ற பயனை மறுத்தலும் தகாது.

பத்திரிகைத் தொழில் என ஒரு பாடம் செமினறியில் இருந்ததில்லை. ஆயினும் பத்திரிகையாளனுக்கு வேண்டுவன பலவும் அங்கே கிடைத்தன. கணிதம், வானசாத்திரம், தருக்கம், தத்துவம் என்பன ஆங்கிலத்திற் போதிக்கப்பட்டன. தமிழிலக்கண இலக்கியங்களும் உடன் கற்பிக்கப்பட்டன. இரு மொழிக்கும் இடையே நாள்தோறும் போக்குவரவு செய்த மாணாக்கனுக்கு, ஒரு கருத்தை மற்றொரு மொழியில் எளிதாக எடுத்துரைக்கும் ஆற்றல் தானே வந்தமைந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850ஆம் ஆண்டில் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலைத் தமிழிற் செய்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பின்னர் உதயதாரகையின் ஆசிரியராய் நெடுங்காலம் இருந்து, 1886ஆம் ஆண்டில் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார்.

அச்சியந்திரத்தின் வரலாறு தனியே கூறத்தக்கது. 1820ஆம் ஆண்டளவில், காரற் என்னும் அச்சுத் தொழிலாளர் ஒருவரை அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. ஆங்கில அரசாங்கம் அவரைத் தங்கவிடாது வெளியேற்றியது. புதிய பள்ளிக்கூடங்களைப் பொறுத்த அரசாங்கத்துக்கு, அச்சிடத் தெரிந்த ஒரு புதிய மனிதனைப் பொறுக்க முடியவில்லை. 1834ஆம் ஆண்டில் மைனர் என்னும் அச்சாளர் வந்த பின்னரே மானிப்பாயில் மிசன் அச்சுக்கூடம் நிலைபெற்றது. 1842ஆம் ஆண்டில் வெளிவந்த மானிப்பாய் அகராதி அதன் அரிய வெளியீடுகளுள் ஒன்று. ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட அவ்வகராதி, பின்னெழுந்த தமிழகராதிகளுக்கு வழிகாட்டியாயிற்று.

உதயதாரகை மதப் பிரசாரத்தின் பொருட்டே எழுந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் கல்வி, விஞ்ஞானம், ஊர்ச் செய்தி, பிற நாட்டுச் செய்தி என்பனவும் அதில் இடம் பெற்றன. வாசகர் கடிதங்களுக்கும் அது இடங்கொடுத்தது. கடிதத்துக்கு இடங்கொடுக்கும் பத்திரிகை மறுப்புக்கும் இடங்கொடுத்தே தீர வேண்டும். சைவர்கள் எழுதினர், வினாவினர், கண்டித்தனர். அச்செழுத்தின் வலிமை யாதென்பதை அவர்கள் அறிந்துகொண்டது எதிரியின் தாளிலேயே எனலாம். யாழ்ப்பாணத்து வெசிலியன் மிசன் பாடசாலையிற் பயின்று, பீற்றர் பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டு திசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அங்கேயும் கல்வி இலவசமே. அடுத்த ஆண்டிற் சென்னையிலிருந்து அச்சியந்திரம் வந்து சேர்ந்தது. பாடசாலை, பிரசங்கம், பத்திரம், பாடநூல் என மிசனரிமார் கையாண்ட கருவிகள் அனைத்தும் மறுதரப்பார் கைக்கு மாறிவிட்டன. வெள்ளையர் வகுத்த வசனநடையினும் செப்பமான வசனநடை ஒன்றும் நாவலராலே தமிழுக்குக் கிடைத்தது.

இனிச் செமினறியின் முடிவைக் காண்போம். 1855ஆம் ஆண்டில், அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு கணக்குப் பார்த்தது. ஆங்கிலங் கற்ற இளைஞர் ஊழியத்துக்கு வருவாரல்லர்; அரசாங்க உத்தியோகத்தையும் வேறு தொழில்களையும் நாடிப் போகின்றனர் என்பது அவர்கள் கண்ட குறை. அவ்வாண்டிலேயே செமினறி மூடப்பட்டது. கொடுத்தவர் எதிர்பார்த்த பயன் கொடுத்தவருக்குக் கிட்டாதபோது இலவசம் நின்றுபோயிற்று. வியப்பு யாதெனில், மூடப்பட்ட பின்னர் 1857ஆம் ஆண்டிலே, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளாய்த் தேறியவர்கள் அதே செமினறியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையுமே. பட்டம் வழங்க உரிமை பெறாத கலாசாலையின் மாணவர் இருவர், பட்டம் வழங்கும் கலாசாலையின் முதல் வரிசையில் நின்றனர். தாமோதரம்பிள்ளை சென்னையிலே தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தியதும், பின்னர் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியதும் நேயர்கள் அறிந்ததே. இருவரும் பின்னாளிற் சைவத்துக்கே மீண்டனர்.

மானிப்பாயில் மருத்துவம் போதித்த கிறீன் வைத்தியரின் வழி வேறு. 1864ஆம் ஆண்டு முதல் அவர் தமிழிலேயே போதித்தார். அதற்கென மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கற்றவன் கற்றதைத் தன் ஊராருக்கு அவர்தம் மொழியிலே சொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தை அவரளவு துணிந்து செயற்படுத்தினோர் மிகச் சிலரே.

பின்வந்த காலத்தை விரைந்து கடக்கலாம். வட்டுக்கோட்டையில் 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1889ஆம் ஆண்டில் இந்துசாதனம் தோன்றியது. 1945ஆம் ஆண்டிற் கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இம்முறை செலவை ஏற்றது கடல் கடந்த உபகாரியன்று. நாட்டு மக்களின் வரிப்பணம். ஆதலின் எவரும் பெயர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராய் வந்தவர் தினகரன் ஆசிரியராயிருந்த கைலாசபதி. அவ்வளாகம் 1979ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாயிற்று. செமினறியின் பாடத்திட்டத்திற் பெயரின்றி இருந்த தொழில், இன்று அங்கே ஊடகக் கற்கைகள் என்னும் தனித் துறையாகியுள்ளது.

இடையிலே வானொலியும் ஓர் இலவச ஆசிரியராய் விளங்கியது. வானொலிப் பெட்டிக்குக் கட்டிய உரிமக் கட்டணம் வேறு கணக்கு. இன்று இணையம் வந்துள்ளது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தனது பாடங்களை எல்லோரும் காணத் திறந்துவிடுவதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. இந்தியாவின் சுவயம் 2017ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடர்பாடல், இதழியல், ஊடகம் பற்றிய பல்கலைக்கழகப் பாடங்களை வட்டுக்கோட்டையிலிருக்கும் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்கலாம். கேட்பது பெரும்பாலும் இலவசம். சான்றிதழ் வேண்டின் பல இடங்களிற் கட்டணம் உண்டு. பெயரையும் விபரத்தையும் பதிந்த பின்னரே பெரும்பாலான வாயில்கள் திறக்கின்றன. பழைய உபகாரி பிள்ளைக்குப் பெயர் கொடுத்தான். புதிய உபகாரி பெயரைக் கேட்டு வாங்குகின்றான்.

பாடங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றுள் வரும் உதாரணங்கள் இலண்டனையும் நியூயோர்க்கையும் பற்றியன. மாட்டினும் பேசனும் தம் பத்திரிகையில் ஆங்கிலத்தோடு தமிழுக்கும் இடம் வகுத்து, மாதம் இருமுறை அதனை எழுதி நிரப்பினர். இணையத்துப் பாடங்களில் அவ்விடம் இன்னும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றது.