28.8 மில்லிமீட்டர்

ஓர் இடைவெளியின் வரலாறு என்றே இதனைச் சொல்ல வேண்டும். 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனம் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்காவை முன்வைத்தபோது அதன் லென்ஸ் கழற்ற இயலாதது. 1930இல் கழற்றி மாட்டும் லென்ஸ் வந்தது. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கென்று சரிசெய்யப்பட்ட உடலுக்கு மட்டுமே பொருந்தியது. அடுத்த ஆண்டு, லென்ஸ் அமரும் முகப்புக்கும் படச்சுருளுக்கும் இடைப்பட்ட தூரம் 28.8 மி.மீ. என நிலைப்படுத்தப்பட்டது. எந்த லென்ஸும் எந்த உடலுக்கும் ஆகும் என்ற நிலை அதன் பின்னரே.

அளவு நிலைபெற்றதும் நகல்களும் பெருகின. கார்கிவ் நகரின் ஜெர்ஜின்ஸ்கி கம்யூனில், வீடற்றலைந்த சிறுவர்களைக் கொண்டு 1934 முதல் 'ஃபெட்' என்ற பெயரில் லைக்காவின் நகல் தொடர்ந்து உற்பத்தியாயிற்று. 1950இல் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸ்களைக் கண்டு வியந்த 'லைஃப்' இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், அவற்றைத் தம் லைக்காவில் பூட்டிக்கொண்டு கொரியப் போர்க்களம் சென்றார். ஜப்பானிய லென்ஸ் என்றால் மலிவுச் சரக்கு என்றிருந்த மேற்குலகின் எண்ணம் அசைந்தது அப்போதுதான்.

1954இல் வந்த லைக்கா எம்3இல் அந்தத் தூரம் 27.8 ஆயிற்று. குறைந்த ஒரு மில்லிமீட்டர், பழைய திருகு லென்ஸுக்கான வளையத்தின் தடிமன். பழையதைக் கைவிடாத இத்தகைய பண்பு எந்திரத் தொழிலில் அரிதென்றே நாம் கருதுகிறோம்.

1959இன் நிக்கான் எஃப் வேறு வழி. உள்ளே ஆடி எழுந்து விழ இடம் வேண்டுமாதலால் அதில் தூரம் 46.5 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை அங்கே பூட்டினால் மிக அருகிலுள்ளவை தவிர எதுவும் தெளியாது. டிஜிட்டல் காலத்திலும் 2004இன் எப்சன் ஆர்-டி1, 2006இன் லைக்கா எம்8 போன்ற விலையுயர்ந்த சில வாயில்களே திறந்திருந்தன.

2008இல் பானசோனிக் ஜி1 ஆடியையே அகற்றியது. 2010இன் சோனி நெக்ஸில் தூரம் 18 மி.மீ. மீதமிருக்கும் 10.8ஐ நிரப்ப, உள்ளே கண்ணாடி ஏதுமற்ற வெற்று உலோக வளையம் போதும். 2013இல் சோனி ஏ7 வந்தபோது படச்சுருளின் முழுப் பரப்பும் திரும்பக் கிடைத்தது.

அங்கேதான் வழக்கும் தொடங்கியது. 21 மி.மீ. பயோகான் போன்ற அகலக்கோண லென்ஸ்களின் பின்கண்ணாடி படச்சுருளை ஒட்டி நிற்பது. ஓரங்களில் ஒளி பெரிதும் சாய்ந்து விழும். படச்சுருள் அதனைப் பொருட்படுத்தவில்லை. சென்சாரும் அதன்மேல் ஒட்டிய கண்ணாடித் தகடும் பொருட்படுத்தின. மூலைகள் குழைந்தன, விளிம்பில் கருஞ்சிவப்பு படர்ந்தது. லென்ஸ் மோசம் என்று தீர்ப்பெழுதியோர் பலர். 1954இல் வெளிவந்த ஒன்றை, அன்றில்லாத ஒரு தகட்டின் பெயரால் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

மாறாக, விடுதலை பெற்றவையும் உண்டு. சைஸ் நிறுவனத்தின் சோனாரிலிருந்து கிளைத்த சோவியத் ஜூபிட்டர்-8, 50 மி.மீ., லைக்காவில் முழுத்துளையில் அருகிலுள்ள முகத்தைத் தவறவிடுவது வழக்கம். சோவியத் தூரமானியின் தரம் லைக்காவினதிலிருந்து சற்றே வேறு. பழியோ லென்ஸின் தலையில். மிரர்லெஸ் உடலில் தூரமானிக்கே வேலையில்லை. சென்சாரில் விழும் உருவத்தையே பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருகுகிறோம். கண்ணிமைகள் ஒவ்வொன்றாய்த் தெளிகின்றன.