கூலி வாங்காத வக்கீலின் வீட்டுச் செலவை யார் கொடுத்தது?

இன்றைய எபிசோடை ஒரு நண்பரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அவர் சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு, காசு எதுவும் வாங்காமல் ஒரு செயலி செய்து கொடுத்தார். நன்கொடைக் கணக்கு, பிள்ளைகளின் வருகைப் பதிவு எல்லாம் அதில்தான். ஆறு மாசம் நன்றாக ஓடியது. அப்புறம் இவருக்கு ஆபீஸில் வேலை கூடிவிட்டது. அவர்கள் போன் பண்ணினால் எடுக்க முடியவில்லை. ஒருநாள் செயலி நின்றுபோனது. அவர்கள் பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

"ஓசியில செஞ்சதுதானேன்னு அவங்க என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்கல. அதுதான் எனக்கு உறுத்துது" என்றார் நண்பர்.

இந்தப் பேச்சு என் மனசிலேயே நின்றுவிட்டது. தொழில் தெரிந்த ஒருவர் தன் திறமையை ஒரு பொது அமைப்புக்கு இலவசமாகக் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'ப்ரோ போனோ' என்கிறார்கள். 'பொது நன்மைக்காக' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவச வேலைக்கும் ஒரு செலவு உண்டு. அதை யார் ஏற்றுக்கொள்வது? செய்கிறவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? இந்தக் கேள்விக்கு 130 வருஷத்துக்கு முன்னால் ஒரு இளம் வக்கீல் தெளிவாக ஒரு கணக்குப் போட்டார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி. இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன்.

மகாத்மா என்ற பட்டத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 1894இல் அவருக்கு வயது 24. பம்பாயில் வழக்காடப் போய், நா எழாமல் உட்கார்ந்துவிட்டு வந்தவர். தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் கம்பெனிக்காக ஒரு வழக்கில் உதவ, போகவர முதல் வகுப்புக் கட்டணமும் 105 பவுண்டும் பேசி 1893இல் டர்பனுக்கு வந்தார். வழக்கு பிரிட்டோரியாவில், 40,000 பவுண்டு விவகாரம். அதை மத்தியஸ்தத்தில் முடித்து வைத்துவிட்டு ஊர் திரும்பத் தயாரானார்.

வழியனுப்பு விருந்து நடக்கிறது. அங்கே கிடந்த செய்தித்தாளைப் புரட்டியபோது ஒரு மூலையில் சின்னச் செய்தி. நேட்டால் சட்டசபையில் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா வரப்போகிறது. விருந்துக்கு வந்திருந்த வியாபாரிகளிடம் இதைச் சொல்கிறார். பலருக்கும் அந்த விஷயமே தெரியாது. "நீங்க ஒரு மாசம் இருங்க, நாங்க உங்க பேச்சைக் கேட்டு நடக்கிறோம்" என்கிற மாதிரி அவர்கள் கேட்கிறார்கள். ஃபீஸ் பேச்சும் வருகிறது. பொது வேலைக்கு ஃபீஸ் கிடையாது என்று அங்கேயே சொல்லிவிடுகிறார் காந்தி. ஆனால் தந்திக்கும், அச்சுக்கும், பயணத்துக்கும் பணம் வேண்டும், கூட வேலை செய்ய ஆள் வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

இதை கவனிக்கணும். நம்மில் நிறையப் பேர் முதல் பாதியைத்தான் சொல்வோம். 'காசு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பாதியைச் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் கைக்காசைப் போட்டுக்கொண்டு முணுமுணுப்போம்.

ஒரு மாசம் என்று பேசியது நீண்டது. மசோதா நிறைவேறிவிட்டது. அடுத்து லண்டனில் இருந்த குடியேற்ற அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு ஒரு பெரிய மனு. இரண்டு வாரத்தில் 10,000 கையெழுத்து. படித்துச் சொல்லி, புரிந்துகொண்ட பிறகுதான் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது காந்தி வைத்த விதி. அந்த மசோதாவுக்கு லண்டன் அப்போது ஒப்புதல் கொடுக்கவில்லை. ஆனால் 1896இல் இந்தியர் என்ற சொல்லே இல்லாமல், அதே வேலையைச் செய்யும் வேறொரு சட்டம் வந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

வேலை நீளும் என்று தெரிந்ததும் காந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டார். டர்பனில் ஒரு பாரிஸ்டருக்கு உரிய மாதிரி வீடு வைத்து வாழ வருஷத்துக்கு 300 பவுண்டாவது வேண்டும். பொதுப் பணத்திலிருந்து அதை எடுக்க மாட்டேன் என்கிறார். ஏன்? சம்பளம் கொடுக்கிறவர்களிடம் கடுமையாகப் பேச முடியாது, நன்கொடை கொடு, வேலைக்கு வா என்று அதட்ட முடியாது என்பது அவர் கணக்கு. பிறகு எப்படிப் பிழைப்பது? உங்கள் கடைகளின் வழக்கமான சட்ட வேலையை எனக்குக் கொடுங்கள், அதற்கு முன்பணம் தாருங்கள் என்று வியாபாரிகளிடம் கேட்டார். சுமார் 20 வியாபாரிகள் ஒரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். தாதா அப்துல்லா, வழியனுப்பும்போது கொடுக்க நினைத்திருந்த பணத்துக்குப் பதிலாக வீட்டுக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்தார்.

ஆக, பத்திரம் எழுதுவதற்கும் வழக்குப் பார்ப்பதற்கும் கூலி உண்டு. மனு எழுதுவதற்கும் சங்கம் நடத்துவதற்கும் கூலி இல்லை. முதலாவது இரண்டாவதைத் தாங்கும். இந்தக் கோட்டை அவர் மனசுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டார்.

அந்தச் சங்கம்தான் 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ். காந்தி அதன் செயலாளர். இன்றைக்கு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போகிறவர் என்னென்ன செய்வாரோ, அத்தனையும் அங்கே செய்தார். குறைந்தபட்சச் சந்தா மாசம் 5 ஷில்லிங். மாசா மாசம் வசூல் பண்ணுவது தலைவலியாகிப் போகவே, வருஷத்துக்கு குறைந்தது 3 பவுண்டு என்று மாற்றினார்கள். ஒரு வியாபாரியிடம் 6 பவுண்டு எதிர்பார்த்துப் போனார்கள். அவர் 3 பவுண்டுக்கு மேல் அசையவில்லை. ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விடியற்காலையில் 6 பவுண்டும் கொடுத்து, சாப்பாடும் போட்டு அனுப்பினார் அவர்.

வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது. செலவுக்கு எழுத்துக் கணக்கு. ரசீதுப் புத்தகத்தைக்கூட முதலில் அச்சடிக்காமல், தன் ஆபீஸில் இருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் எடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். பல வருஷம் கழித்து சுயசரிதை எழுதும்போது, 1894ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் அங்கே அப்படியே கிடைக்கும் என்று பெருமையோடு சொல்கிறார். என் நண்பரின் செயலி மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. இந்த நோட்டுகள் தாங்கியிருக்கின்றன. அவர் விட்டுவிட்டுப் போனாலும் அடுத்தவர் எடுத்து நடத்துகிற மாதிரி வேலை செய்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, இதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு ஓட்டையும் இருந்தது. வருஷத்துக்கு 3 பவுண்டு யாரால் கொடுக்க முடியும்? வியாபாரியாலும் குமாஸ்தாவாலும் முடியும். 1860இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போனதிலிருந்து, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் மதராஸ் மாகாணத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும். அவர்களால் முடியாது. இந்தியர்களுக்கான சங்கத்தில் இந்தியர்களிலேயே அதிகம் கஷ்டப்பட்டவர்கள் இல்லை. இதை காந்தியே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தக் குறையை அவருக்கு உறைக்க வைத்தவர் ஒரு தமிழர். பெயர் பாலசுந்தரம்.

காந்தி தொழில் தொடங்கி மூன்று நான்கு மாசம்தான் ஆகியிருக்கும். கிழிந்த துணியோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் ஆபீஸுக்குள் வந்து நடுங்கி நின்று அழுகிறார். டர்பனில் பெயர் தெரிந்த ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்த அடி அது. பாலசுந்தரத்துக்குத் தமிழ்தான் தெரியும். காந்தியின் குமாஸ்தா தமிழர், அவர்தான் எடுத்துச் சொன்னார்.

அடுத்து என்ன நடந்தது என்று பாருங்க. முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். காயப்பட்டவரை நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய் வாக்குமூலத்தைக் கொடுத்தார். முதலாளிக்குச் சம்மன் போனது. இந்த இடத்தில் ஒரு ஆவேசமான வக்கீல், முதலாளியைச் சிறைக்கு அனுப்பியே தீருவேன் என்று நின்றிருப்பார். காந்தி, கட்சிக்காரருக்கு என்ன தேவை என்று யோசித்தார். முதலாளி தண்டனை பெற்றாலும், பாலசுந்தரம் மறுபடி அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் வேலையை விட்டால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டால் அது குற்றம், ஜெயில். சட்டம் அப்படி.

வழி இரண்டுதான். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் அல்லது மாற்றிக் கொடுக்கலாம். இல்லையென்றால் முதலாளியே விட்டுக்கொடுக்கலாம். காந்தி முதலாளியைப் போய்ப் பார்த்தார். உங்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பது என் நோக்கமில்லை, ஆளை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள் போதும் என்றார். அவர் உடனே ஒப்புக்கொண்டார். பாதுகாவலரும் சம்மதித்தார், புது முதலாளியை நீயே தேடிக்கொண்டு வா என்ற நிபந்தனையோடு. இந்தியர்கள் ஒப்பந்தக் கூலி வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு வெள்ளைக்காரரைத்தான் தேட வேண்டும். தேடிப் பிடித்தார். அடித்தது குற்றம் என்று மாஜிஸ்திரேட் பதிவு செய்தார், ஆளும் கைமாறினார்.

இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஒப்பந்தக் கூலிகள் அவர் ஆபீஸைத் தேடி வர ஆரம்பித்தார்கள். செய்தி மதராஸ் வரைக்கும் எட்டியது என்கிறார் காந்தி. ஆபீஸுக்குள் நுழையும்போது தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்த பாலசுந்தரத்தை, அதை மறுபடி தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். வெள்ளைக்காரர் முன்னால் தலைத்துணியோடு நிற்கக் கூடாது என்பது அங்கே பழக்கம். இலவசமாகச் செய்கிறோம் என்பதற்காக, வந்தவர் நம் முன்னால் தலை குனிய வேண்டியதில்லை. கூலி வாங்காததைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நாள் காந்தியின் அக்கறை இந்தியர்களோடு நின்றுவிட்டது, கறுப்பின மக்கள் அதற்குள் வரவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் விமர்சிக்கிறார்கள். அது நியாயமான விமர்சனம்தான்.

1901இல் காந்தி ஊர் திரும்பும்போது கணக்குக்கு ஒரு சோதனை வந்தது. நன்றி சொல்ல வந்தவர்கள் தங்கமும் வைரமும் கொட்டிவிட்டார்கள். கஸ்தூர்பாவுக்கு மட்டும் 50 கினி மதிப்புள்ள ஒரு நெக்லஸ். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. இதை எடுத்துக்கொண்டால், கூலி வாங்காமல் வேலை செய்தேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் கஸ்தூர்பா விடவில்லை. நீங்கள் உழைத்தால் நான் உழைத்த மாதிரி இல்லையா, ராப்பகலாக உங்களுக்கும் வந்தவர்களுக்கும் வடித்துக் கொட்டியது சேவை இல்லையா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு காந்தியிடம் சரியான பதில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் நகைகள் எல்லாம் சமூகத்துக்கான ஓர் அறக்கட்டளைக்குப் போயின. இலவச வேலையின் விலையில் ஒரு பங்கை வீட்டில் இருக்கிறவர்களும் கொடுக்கிறார்கள், பல சமயம் அவர்களைக் கேட்காமலேயே.

இதே கேள்வியோடு அமெரிக்காவில் இன்னொரு வக்கீல் மல்லுக்கட்டினார். பாஸ்டனைச் சேர்ந்த லூயிஸ் பிராண்டைஸ். பொது வழக்குகளுக்கு ஃபீஸ் வாங்க மாட்டார். ஆனால் அவருக்குக் கூட்டாளிகள் உண்டு. அவர் இலவசமாகச் செலவழிக்கும் நேரம் அவர்களுக்கு நஷ்டம்தானே? அதற்காகத் தன் சொந்தப் பணத்தைத் தன் கம்பெனிக்கே கட்டினார்! 1907இல் தேசிய நுகர்வோர் லீக் என்ற தொண்டு அமைப்பு அவரைத் தேடி வந்தது. சலவைக்கூடங்களில் பெண்களின் வேலையை நாளுக்கு 10 மணி நேரத்தோடு நிறுத்திய ஓரிகன் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றத்தில் காப்பாற்ற வேண்டும். ஃபீஸ் வேண்டாம், ஆனால் மாநிலத்தின் அதிகாரபூர்வ வக்கீலாக நிற்க வேண்டும், தகவல்களை நீங்கள் திரட்டித் தர வேண்டும் என்றார் அவர். லீக்கைச் சேர்ந்த ஜோசஃபைன் கோல்ட்மார்க் நூலகம் நூலகமாகத் தேடிச் சேர்த்தார். நூறு பக்கத்துக்கு மேல் போன அந்த மனுவில் சட்ட வாதம் இரண்டே பக்கம்தான், மீதி எல்லாம் தொழிலாளர் உடல்நலம் பற்றிய தகவல்கள். 1908இல் வென்றார்கள்.

2001இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டாப்ரூட் பவுண்டேஷன் போன்ற அமைப்புகள், வக்கீல்களிடம் இருந்த இந்தப் பழக்கத்தை விளம்பரம், மனிதவளம், கணினி என்று மற்ற தொழில்களுக்கும் கொண்டுபோயின. இன்று நம் ஊரிலும் ஆடிட்டர், டிசைனர், இன்ஜினியர் என்று பலர் சனி ஞாயிறுகளில் இதைச் செய்கிறார்கள்.

இந்தக் கதையை என் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் எத்தனை மணி நேரம் தருவேன்னு முதல்லயே சொல்லியிருக்கணும். எனக்கு அப்புறம் யார் பாப்பாங்கன்னும் கேட்டிருக்கணும்" என்றார். அடுத்த வாரமே அந்த அறக்கட்டளைக்குப் போனார். இந்த முறை செயலி எதுவும் இல்லை. அவர்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை முதலில் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார். மாசத்துக்கு நான்கு மணி நேரம், ஆறு மாசம், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கணக்கு வைக்கச் சொல்லிக் கொடுப்பது. பேச்சு அவ்வளவுதான். வீட்டிலும் கேட்டுக்கொண்டுதான் போனாராம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.