சித்தன்னவாசல் தாமரைத் தடாகம்

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சித்தன்னவாசல். அங்கே குன்றைக் குடைந்து சமைத்த சமணக் குடைவரை அறிவர் கோயில் எனப் பெயர் பெறும். அதன் அர்த்தமண்டப விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகம் தமிழகத்து ஓவியச் செல்வங்களுள் ஒன்றாகும். பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1920-ஆம் ஆண்டில் இவ்வோவியங்களைப் பற்றி எழுதியபின் இவற்றின் புகழ் கடல் கடந்தும் பரவிற்று.

தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கும் திருச்சபையைச் சமவசரணம் என்பர். அதனை அடையுமுன் அடியார்கள் கால் கழுவி மலர் கொய்யும் நீர்நிலையே காதிகாபூமி. அதுவே இங்குத் தீட்டப்பட்டுள்ளது என்பது அறிஞர் கருத்து. மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் நிறைந்த அத்தடாகத்தில் மூவர் மலர் கொய்கின்றனர்.

இருவர் அருகருகே நிற்கின்றனர். செம்மை மிக்க கருநிறத்தினர். ஒருவர் வலக்கையால் பூப்பறிக்க, மறுகையில் பூக்கூடை தொங்குகின்றது. மூன்றாமவர் பொன்னொத்த மேனியர். தாமரைக் கொத்தைத் தோளில் தாங்கித் தனித்து நிற்கின்றார். அவரருகே வேறு மனிதர் இலர். மலரும் இலையுமே சூழ்ந்துள்ளன. அவ்விடைவெளியே அவர் தனிமையைக் காட்டுகின்றது. அத்தனிமையே பக்தியாகக் கனிகின்றது. பக்தியைப் புலப்படுத்த ஓவியர் கண்ணீரையோ கூப்பிய கரங்களையோ நாடவில்லை. ஒருவரை எங்கே நிறுத்துவது என்பதைக் கொண்டே அதனை உணர்த்திவிட்டார்.

நிழலமைப்பும் அத்தகையதே. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் வர்த்தனை எனப்படும் நிழற்பூச்சினை மூவகையாகப் பகுக்கும்: இலை நரம்பு போன்ற கோடுகளால் ஆவது, மெல்லிய சாயலால் ஆவது, புள்ளிகளால் ஆவது. மேனாட்டு ஓவியத்தில் ஒருபுறத்து விளக்கொளி முகத்தில் வீழ்ந்து மறுபுறம் இருளும். இங்கோ அவ்வாறு வீழும் ஒளியும் இல்லை. தரையில் படியும் நிழலும் இல்லை. கோடே உருவைத் தாங்க, வண்ணம் அளவோடு அதனைத் திரட்டுகின்றது. பின்னே படர்ந்த பசிய இலைகளின்மீது பொன்மேனி தானே ஒளிர்வதுபோல் தோன்றுகின்றது. ஆதலின் காண்போர் உள்ளத்தில் கலக்கம் எழுவதில்லை, அமைதியே நிலைக்கின்றது.

இக்கோயிலுக்குத் திருப்பணி செய்தவரின் பெயரும் கல்லில் நிலைத்துள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில், அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது.

காலத்தாலும் மனிதர் கைபட்டும் சிதைந்தவை போக, எஞ்சிய பகுதியே இன்று நாம் காண்பது. குடமுழுக்கை முன்னிட்டுப் பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூச முனையும் அன்பர்கள் ஒரு கணம் நின்று நோக்குவார்களாக. அடியில் ஓர் அடியவரின் முகம் மங்கிக் கிடக்கலாம். அழிந்த வண்ணத்தை எப்பொருள் கொடுத்தும் மீட்க இயலாது. புதியன ஆக்குவதுபோலவே பழையன காப்பதும் திருப்பணியேயாகும்.