பின்வரிசைக் காவலர் வி. பி. சத்யன்

தாயகத்தை விட்டுத் தொலைவில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுக்குத் திருவனந்தபுரம் என்ற பெயரைக் கேட்டவுடன் பத்மநாபசுவாமி கோயிலும் சாலைக் கடைத்தெருவும் நினைவில் எழும். பழைய திருவிதாங்கூரில் பிறந்து வளர்ந்த பெரியவர்களாயின் நாகர்கோவிலும் அதே ஆட்சியின்கீழ் இருந்த காலத்தை நினைவுகூர்வர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எல்லைகள் மாறின. ஆயினும் வானொலி அலைக்கு எல்லை ஏது? 1943-இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த திருவனந்தபுரம் நிலையத்தை எங்கள் பக்கத்து வீடுகளில் பிற்காலத்திலும் விடாமல் கேட்டு வந்தனர்.

என் தந்தையார் அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர். அவர் அதிகம் விரும்பியது மலையாளத்தில் ஒலிபரப்பாகும் கால்பந்து நேர்முக வருணனையை. மலையாளம் எனக்கு அப்போது அரைகுறையாகவே விளங்கும். ஆட்டக்காரர்களின் பெயர்கள் மட்டும் தெளிவாகக் காதில் விழும். விஜயன், பாப்பச்சன் என்ற பெயர்கள் வரும்போது வருணனையாளரின் குரல் மேலே ஏறும். சத்யன் என்ற பெயர் வரும்போதோ அக்குரலில் ஓர் அச்சம் தெரியும். பெயர் சொல்லி முடிந்தபின் ஒரு பெருமூச்சும் கேட்கும். எதிரணியினர் நம் கோலை நெருங்கிவிட்டனர் என்பதற்கு அடையாளமே அந்தப் பெயர்தான் என்று சிறுவனாகிய நான் புரிந்துகொண்டேன். பின்வரிசை ஆட்டக்காரரின் வாழ்க்கை முழுவதும் அந்தப் புரிதலுக்குள் அடங்கியிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் நேயர்கள் பொறுத்தருள்க. ஆங்கிலத்தில் ‘டிபெண்டர்’ என்பவரைத் தமிழில் தடுப்பாட்டக்காரர் என்கிறோம். பின்கள வீரர் என்றும் எழுதுகிறோம். மலையாளத்தில் பிரதிரோதம் என்பர். ஆனால் கேரளத்து மைதானங்களில் வழங்கும் சொல் இவை எதுவும் அன்று. ‘ஸ்டாப்பர் பாக்’ என்பதே அங்குச் சாதாரண மக்கள் வாயில் வழங்குவது. நிறுத்துபவர் என்பது பொருள். பின்வரிசையின் நடுவே நின்று எதிரணியின் முதன்மைத் தாக்குதல்காரரை விடாது கண்காணிப்பது, உயரே வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்புவது, இருபுறத்துத் தோழர்களையும் குரல் கொடுத்து ஒரே கோட்டில் நிறுத்துவது ஆகியவை அவர் பணி. முன்வரிசையினர் பத்து முயற்சிகளில் ஒன்பதைத் தவறவிட்டுப் பத்தாவதில் கோல் அடித்தால் வீரராவர். ஸ்டாப்பர் ஒன்பதில் வென்று பத்தாவதில் வழுக்கினால் தோல்விக்குப் பொறுப்பாளி ஆவார்.

நிற்க. கேரளத்திலிருந்து புறப்பட்ட முதல் பெரும் பின்வரிசை ஆட்டக்காரர் சத்யன் அல்லர். ‘திருவல்லா பாப்பன்’ என்று அழைக்கப்பட்ட டி. எம். வர்க்கீஸ், 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். அவரும் நம்மைப் போலப் பிழைப்புக்காகப் பம்பாய் சென்று, அங்கே டாட்டா அணிக்காக ஆடியவர்தான். அந்த ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா 2-1 என்று தோற்றது. நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். நம் வீரர்களுள் பலர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதை உலகம் இன்றும் வியப்புடன் பேசுகிறது. இரண்டு பெனால்டி உதைகளை நாம் வீணாக்கினோம் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

வட்டப்பரம்பத்து சத்யன், அதாவது வி. பி. சத்யன், 1965 ஏப்ரல் 29 அன்று கண்ணூர் மாவட்டத்தில் தலச்சேரிக்கு அருகிலுள்ள சொக்ளிப் பகுதியில் பிறந்தார். மலபாரின் வயல்வெளிகளில் பந்து உதைத்து வளர்ந்த அந்த இளைஞரைத் திருவனந்தபுரத்தோடு இணைத்தது காவல் துறை. 1980-களின் நடுப்பகுதியில் கேரளக் காவல் துறை, மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் திறமைமிக்க இளைஞர்களைத் தேடிப்பிடித்து ஒரு கால்பந்து அணியை உருவாக்கியது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுத் திரிந்த ஐ. எம். விஜயன் அவ்வணியில் சேர்ந்தார். சி. வி. பாப்பச்சன், ஷரப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோல் காப்பாளர் கே. டி. சாக்கோ ஆகியோரும் வந்தனர். தலைநகரின் பாளையம் பகுதியில் 1956-இல் திறக்கப்பட்ட, காவல் துறைத் தலைவராயிருந்த சந்திரசேகரன் நாயரின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கம் அத்துறைக்கே உரியது.

இவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லலாமா என்று வினவலாம். இக்காலத்து இளைஞர்கள் லட்சக்கணக்கில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் லீக் போட்டிகளைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு அக்கால ஏற்பாட்டை விளக்கித்தான் ஆகவேண்டும். நம் நாட்டில் தேசிய லீக் என்பது 1996-இல்தான் பிறந்தது. அதற்கு முன், கொல்கத்தாவிலும் கோவாவிலும் உள்ள பெரிய கழகங்களை விட்டால், ஆட்டக்காரருக்குச் சோறு போட்டவை அரசுத் துறைகளும் வங்கிகளும் ரயில்வேயும் ஆலைகளுமே. கேரளக் காவல் துறையைப் போலவே திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியும் டைட்டானியம் ஆலையும் தலைநகரில் அணிகள் வைத்திருந்தன. பதிவேட்டில் ஊழியர், உண்மையில் ஆட்டக்காரர். மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ‘விளையாட்டு ஒதுக்கீடு’ என்ற சொற்றொடர் அடங்கிய சுற்றறிக்கைகளை நானே பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றில் நியமன விதிகள் விரிவாக இருக்கும். ஆட்டம் ஓய்ந்தபின் அந்த மனிதர் என்ன செய்வார் என்பதைக் கூறும் பத்தி ஒன்றையும் நான் கண்டதில்லை.

1990-இல் திருச்சூரில் நடைபெற்ற பெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் கோவாவின் சல்காவ்கர் அணியைக் கேரளக் காவல் துறை 2-1 என்று வென்றது. நாட்டின் சிறந்த கழகங்கள் மோதும் அக்கோப்பையைக் கேரளத்து அணி ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு சத்யனின் சொந்த மாவட்டமான கண்ணூரில், மகிந்திரா அணியை 2-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. கொல்கத்தாவின் நூற்றாண்டுக் கழகங்கள் இருக்க, காவலர்களின் அணி இருமுறை வாகை சூடியது என்பது சாமானிய நிகழ்ச்சி அன்று.

ஆனால் மாநில அணியின் கதை வேறு. சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலில் வென்றது 1973-இல். எறணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்ற அன்று, தலைவர் மணி ஒருவரே மூன்று கோல்களையும் அடித்தார். அதன்பின் நீண்ட வறட்சி. 1988-இல் கொல்லத்தில் பஞ்சாபிடம், 1989-இல் குவாகாத்தியில் வங்காளத்திடம், 1990-இல் மட்காவில் கோவாவிடம், 1991-இல் பாலக்காட்டில் மகாராஷ்டிரத்திடம் என்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டம் வரை வந்து கோப்பையை இழந்தது கேரளம். அவற்றுள் இரண்டு தோல்விகள் சொந்த மண்ணிலேயே நேர்ந்தன. வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுவிட்டு மணமகளை எதிர்வீட்டுக்கு அனுப்பிய கதையாயிற்று என்று என் தந்தையார் கூறிச் சிரிப்பார். எனினும் மறுநாள் காலைச் செய்தித்தாளை அவர் கையில் எடுக்கமாட்டார்.

அந்த வறட்சி தீர்ந்த இடம் நம் கோயம்புத்தூர். 1992-இல் சத்யன் தலைமையில் இறங்கிய கேரள அணி இறுதியாட்டத்தில் கோவாவை 3-0 என்று தோற்கடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் சிறிது தூரத்தில் உள்ள ஊராதலால் கேரளத்தவர்க்கு அது அயலூர் மைதானமாகவே தோன்றியிராது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் கோப்பை கேரளத்துக்குத் திரும்பியது. மூன்று கோல்களை அடித்தவர்களை நாடு கொண்டாடியது இயல்பே. எதிர்ப்பக்கத்தில் பதிவான அந்தச் சுழியத்தைப் பற்றி விசாரித்தவர் குறைவு. மறு ஆண்டே கொச்சியில், குரிகேஷ் மாத்யூவின் தலைமையில், மகாராஷ்டிரத்தை 2-0 என்று வென்று கேரளம் கோப்பையை மீண்டும் பெற்றது. அங்கும் எதிரணிக்குச் சுழியமே. அந்தத் தலைவரும் காவல் துறை அணியிலிருந்து வந்தவரே.

சத்யன் ஆடிய காலத்தில்தான் அவருடைய தொழிலின் சட்டங்களே மாறின என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1990 வரையில், எதிரணித் தாக்குதல்காரர் கடைசிக்கு முந்திய தடுப்பாட்டக்காரரோடு ஒரே கோட்டில் நின்றாலும் ‘ஆப்சைடு’ என்று ஊதல் ஊதப்படும். அவ்வாண்டு முதல் ஒரே கோட்டில் நிற்பது குற்றமன்று என்று விதி திருத்தப்பட்டது. அரை அடி முன்னே நகர்ந்து எதிரியை வலையில் சிக்கவைக்கும் பழைய தந்திரம் அன்றோடு ஆபத்தான விளையாட்டாயிற்று. 1992-இல் மற்றொரு மாற்றம் வந்தது: தன் அணியினர் காலால் வேண்டுமென்றே திருப்பியனுப்பும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக் கூடாது. அதுவரை, நெருக்கடி நேர்ந்தால் பந்தைக் காப்பாளரிடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம். அந்த அடைக்கலமும் போயிற்று. இருபத்தைந்து வயதுக்குமேல் ஒருவர் தம் தொழிலின் இலக்கணத்தை மறுபடியும் கற்க நேர்ந்ததை, புதிய கணினி முறை வந்த நாளில் எங்கள் அலுவலகத்து மூத்த எழுத்தர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு, எழுத்தர்களின் தவற்றைப் பார்க்க முப்பதாயிரம் பேர் கூடுவதில்லை.

1991 முதல் 1995 வரையில் இந்திய அணியின் தலைமை சத்யனிடம் இருந்தது. இடையே கொல்கத்தா சென்று மோகன் பகான் அணிக்கும் ஆடினார். 1995-இல் சென்னையில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் பந்தயங்களில் இந்தியா கால்பந்தில் தங்கம் வென்றது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகச் சத்யனைத் தேர்ந்தெடுத்தது. பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கு அவ்விருது கிட்டியதில் தனிச் சிறப்பு உண்டு. அர்ஜுனா விருதுப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை. அவ்விருது பெற்ற பலரைவிட அவர் குறைந்தவர் அல்லர் என்பது என் கருத்து.

1990-களின் நடுவில் காவல் துறையை விட்டுச் சென்னை இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1996-இல் தேசிய லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டின் கொடியை அதில் ஏந்தியது அந்த வங்கி அணியே. கண்ணூரில் பிறந்து, திருவனந்தபுரத்துச் சீருடை அணிந்து, கொல்கத்தாவில் ஆடி, சென்னையில் குடியேறிய அவரை எந்த ஊர்க்காரர் என்று சொல்வது? இக்கேள்வியை வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்கள் என்னைவிட நன்கு அறிவர். காயங்கள் முற்றியபின் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளரானார்.

பயிற்சியாளரின் நாற்காலி மைதானத்துக்கு வெளியே இருப்பது. கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்க விதி இல்லை. வாழ்நாள் முழுவதும் ஆபத்தின் நடுவே ஓடிச் சென்று நின்ற ஒருவருக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். 2006 ஜூலை 18 அன்று, தமது நாற்பத்தொன்றாம் வயதில், சென்னைப் பல்லாவரத்தில் ரயில் பாதையில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். காரணங்களைத் தேடி அப்போது பலர் பலவாறு எழுதினர். ஒரு மனிதரின் கடைசி நாளைக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது எனக்கு உடன்பாடன்று. ஆதலால் அந்த வேலையில் நான் இறங்கவில்லை.

2018-இல் பிரஜேஷ் சென் இயக்கத்தில் ‘கேப்டன்’ என்ற மலையாளத் திரைப்படம் வெளிவந்தது. சத்யனாக நடித்தவர் ஜெயசூர்யா. கால்பந்தைப் பற்றிய படங்களில் கோல் அடிப்பவரே நாயகராவது உலக வழக்கம். தடுப்பவரை நாயகராக்கியது இப்படம். அவருடைய பழைய தோழர் விஜயன் பிற்காலத்தில் காவல் துறைக்கே திரும்பி, 2025-இல் அதிகாரியாக ஓய்வுபெற்றார். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருவரும் ஒரே அணியில் முன்னும் பின்னும் நின்றவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் திருவனந்தபுரம் சென்றிருந்தபோது, ஒரு மாலையில் பாளையத்து அரங்கின் வேலியோரம் நின்றேன். சிறுவர் சிலர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். பொழியூர், பூந்துறை, விழிஞம் ஆகிய கடற்கரை ஊர்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வருவதாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். எல்லைக்கு இப்புறம் நம் தூத்தூரிலும் அப்படியே என்றேன். பயிற்சியாளர் சிறுவர்களை அழைத்து யார் யார் எந்த இடம் என்று கேட்டார். முன்வரிசைக்கு ஒன்பது கைகள் உயர்ந்தன. பின்வரிசைக்கு யாரும் கை உயர்த்தவில்லை. சற்றே உயரமான ஒரு பையனைத் தோளைத் தொட்டு நகர்த்தி, அங்கே நிற்கச் சொன்னார். அவன் தலையைக் குனிந்தபடி போய் நின்றான். ஆட்டம் தொடங்கியது.